கழுத்தில் குத்திய ஊசி

அறுபதுகளில் ஒரு நாள் புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகும் பஸ்ஸில் இருந்தேன். என் முன் சீட்டில் ஒரு இளம்பெண்ணும், அவளுக்கு முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மாளும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஊசி குத்துனாங்க. ஆனா மருந்து உள்ள போகலைங்க, கட்டியில இருந்ததுதான் வெளிய வந்துச்சு" என்றாள் இளையவள். நான் பேப்பரை மடித்துவிட்டேன். அம்மாளும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எங்கத்தா குத்துனாக?"

"கழுத்துலங்க. எலுமிச்சங்கா அளவுக்குக் கழலை. அறுக்கணும்பாங்கன்னு பயந்துகிட்டே போனேன். டாக்டர் ஊசியக் குத்தி உறிஞ்சுனாரு. டீத்தண்ணி மாதிரி வந்துச்சு. கட்டி அமுங்கிப்போச்சு."

"அதை என்ன பண்ணாரு?"

"கண்ணாடித் துண்டுல தடவி மெஷின்ல வச்சுப் பாத்தாங்களாம். கெட்ட கட்டி இல்லைன்னு இன்னைக்குத்தான் சொன்னாங்க."

"பக்கத்துல இருக்கவுகளுக்கு ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க. புள்ளையப் பக்கத்துல போட்டுப் படுக்கலாமான்னு நானே கேட்டேன். தாராளமாப் படும்மான்னாரு."

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"எம் மருமகளுக்கும் கழுத்துல இப்படி வந்துச்சு. பேரனுக்கு ஒட்டிக்கிரும்னு நாந்தான் அவளத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். புள்ள எங்கிட்ட இருக்கு."

அன்னவாசலில் பஸ் நின்றதும் அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இலுப்பூருக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்கிட்டு எறங்குறீங்களே?" என்றார் கண்டக்டர்.

"எம் மருமக ஊரு இதுதாம்ப்பா" என்ற அம்மாள், படியில் நின்று இளையவளைப் பார்த்துக் கேட்டார்: "அந்த டாக்டரு நாளைக்கு இருப்பாராத்தா?"