குழாய் ஜோசியர்

எங்கள் அலுவலகத்து ஏசியை மட்டும் குறை சொல்லவே மாட்டேன், சார். கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். குறை என்றால் ஒன்றுதான். காலையில் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், சாயங்காலம் நானே திறக்கிற வரை அதை யாரும் தொட மாட்டார்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குழாயில் எண்ணெயோடு கொஞ்சம் தண்ணீரும் கலந்துதான் ஓடும். ஓட்டம் வேகமாக இருந்தால் எண்ணெய் அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வேகம் குறைந்தால், மேடு ஏறுவதற்கு முந்தைய பள்ளங்களில் தண்ணீர் அடியில் தங்கி, இரும்பை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கே தங்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. சொன்ன இடத்தில் மேஸ்திரி தோண்டி, குழாய்ச் சுவரின் கனத்தை அளப்பார். கணக்கு சரியென்றால் அந்தத் துண்டை மாற்றி, மூடிவிட்டுப் போய்விடுவார். எனக்கு நன்றி என்று ஒரு மெயில் வரும். தப்பினால் மட்டும் அவரே அளவுகளோடு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் தடவை நிஜமாகவே தப்பியது. ஒரு மேட்டின் சரிவைத் தவறாகப் போட்டிருந்தேன். சேறு அப்பிய பூட்ஸோடு மேஸ்திரி வந்து, "என்ன ஜோசியரே, ஊரையே தோண்ட வெச்சிட்டீங்களே" என்று சிரித்தார். முழங்கால் வலி, மகளுடைய மாமியார் பண்ணும் அலட்டல், வீட்டுக்காரியோடு போட்ட சண்டை என்று ஒன்று விடாமல் சொன்னார். நான் சாப்பிட்டேனா என்றும் கேட்டார். வீட்டில்கூட அப்படிக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

அப்புறம் கணக்குகள் வரிசையாகச் சரியாக வந்தன. மாதக்கணக்கில் அவரைக் காணோம். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. அதனால் ஒரு தடவை இடத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொன்னேன். வந்தார். அதிலிருந்து அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். வந்து பேசிவிட்டுக் கிளம்பும்போது சரியான இடத்தைக் கண்டுபிடித்த மாதிரி சொல்லிவிடுவேன். வெறும் மண்ணைத் தோண்டி மூடுவதில் யாருக்கு என்ன கெட்டுவிடும், சொல்லுங்கள். அவர் தோண்டிக்கொண்டிருந்த குழாய் லைனிலேயே ரொம்ப மோசமாக அரித்திருந்த பள்ளத்தைச் சொல்ல மட்டும் மனசு வரவில்லை. சொன்னால் வேலை முடிந்துவிடும், அவரை வேறு பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

குழாய்க்கு மேலே கொட்டகை போடுவதானால் என்னைக் கேட்க வேண்டும் என்பது விதி. அதற்காக ஒரு நாள் மேஸ்திரி போன் செய்தார். "ஜோசியரே, நீங்க சொன்ன மேட்டுல நிழலே இல்ல. கீழ பள்ளத்துல மரம் இருக்கு. பசங்க சாப்பிட்டுப் படுக்க அங்க போட்டுக்கட்டுமா?" அதே பள்ளம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். அவ்வளவு நாளும் தெரிந்தே அலைக்கழித்தேன் என்று தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா? நான் யோசிப்பதற்குள் அவரே, "இந்தத் தடவையும் பொய்யாப் போனா வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரேன். உங்களைப் பார்க்கணும்னு சொல்லிட்டே இருக்கா" என்றார்.

"தாராளமா போடுங்க, மேஸ்திரி" என்றேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் குழாய் அங்கேதான் வெடித்துத் தீப்பிடித்தது. கொட்டகையில் இருந்த யாரும் மிஞ்சவில்லை. அவர் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டேதான் போயிருப்பார். எனக்கு அது ஒரு ஆறுதல்.

பிறகு அவருடைய வீட்டுக்கார அம்மா தனியாக வந்தார். வீட்டில் மேஸ்திரிக்கு எப்போதும் என் பேச்சுதானாம். எதிரில் உட்கார்ந்து அழுதார், நானும் அழுதேன். நெடுநேரம் இருந்தார். நல்ல மனுஷி.

அத்தனை பேரின் சாவுக்கும் நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதே மாதிரி இன்னொரு இடம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆள் நடமாட்டம் உள்ள இடம்தான். நாளை மதியம்தானே மறுபடி எண்ணெய் விடப்போகிறார்கள். இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். காலையில் வாருங்கள் சார், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்போம்.