அரைப் பேர்

மண்சரிவால் பசறை பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. முன் சீட்டில் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். ஒருத்தி ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மற்றவள் சொன்னாள்:

"புது டைரக்டர் ஐயா ஜெபக் கூட்டத்துல நல்லாத்தான் பேசுனாரு."

"தோட்டக் கம்பெனியில பெரிய தொரையா இருந்தாரே, அவரா?"

"அவருதான். இப்ப கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துக்குத் தலைவரு. ஆண்டவருக்கு உங்க ஒவ்வொருத்தர் பேரும் தெரியும்னாரு."

"கொழுந்து எடை கொறஞ்சா, முழு நாள் வேலைக்கும் அரைப் பேரு போடச் சொன்னதே அவருதானே. பாதிச் சம்பளத்தோடதானே வீட்டுக்குப் போனோம்."

"அதான் எந்திரிச்சுக் கேட்டேன். ஆண்டவர்கிட்ட இருக்கிறது முழுப் பேரா, அரைப் பேராங்க ஐயான்னு."

ஜன்னல் பாதியில் நின்றது.

"என்ன சொன்னாரு?"

"எல்லாரும் கண்ணை மூடுங்க, ஜெபிப்போம்னாரு. நான் மூடல. அவரும் மூடல."