அண்ணன் எடுத்த வெள்ளை வண்டி

கார் வாங்க வருகிறவர்கள் முதலில் டயரை ஓர் உதை உதைத்துப் பார்க்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அவர்களுடைய அப்பா உதைத்திருப்பார், இவர்களும் உதைக்கிறார்கள். பிறகு கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்பார்கள். சீட்டில் உட்கார்ந்து ஒரு தரம் குதித்துப் பார்ப்பார்கள். பழுது பார்க்கும் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். குனிந்து வண்டியின் அடியில் பார்த்தவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. அதற்குத்தான் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

என் அண்ணனும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் அலசி ஆராயாமல் வாங்க மாட்டார். ஒரு குடை வாங்கப் போனால் கடைக்காரர் கொட்டாவி விடுகிற வரைக்கும் விரித்து விரித்துப் பார்ப்பார். ஆனால் கார் விஷயத்தில் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். நீங்கள் நிதானமாகச் சொல்லச் சொன்னதால் இதையெல்லாம் சொல்கிறேன். அவரைக் குறை சொல்வதற்காக இல்லை.

எங்கள் இரண்டு வீடும் மலைச்சரிவில் அடுத்தடுத்து இருக்கின்றன. மழை பிடித்துவிட்டால் தெரு முழுக்கச் சேறு. சாதாரண வண்டி பாதி ஏற்றத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். அதனால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக, ஆல் வீல் டிரைவாக வாங்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் நெடுநாள் ஆசை. ஒரு கட்டுமான நிறுவனம் தன்னுடைய இரண்டு வண்டிகளைக் கழித்துக்கட்டப் போகிறது என்று எனக்குத்தான் முதலில் தகவல் வந்தது. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். ஒரே வயது, ஒரே உயரம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. வெள்ளையில் தோல் சீட்டும் கூரையில் ஒரு கண்ணாடியும் உண்டு. சாம்பலில் துணி சீட்டு, பின்னால் சாமான் வைக்கக் கொஞ்சம் கூடுதல் இடம். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டையும் சேர்த்து எடுப்பதானால் தருகிறோம், ஒன்றை மட்டும் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் முதல் நாளே தனியாகப் போய்ப் பார்த்தேன். சாம்பல் வண்டி பழுதில்லாமல் இருந்தது. வெள்ளையைச் சுற்றி வந்தபோது ஒரு டயர் மட்டும் புத்தம் புதுசாக இருப்பது கண்ணில் பட்டது. மற்ற மூன்றும் நன்றாகத் தேய்ந்தவை. வேறு வண்டியாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. இந்த மாதிரி வண்டியில் நான்கு டயரையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு சக்கரம் பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் ஓடினால், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற நடுப்பெட்டி அந்த வித்தியாசத்தை எல்லாம் தன் தலையில் வாங்கிக்கொண்டு சூடாகிக் கொதிக்கும். யாரோ ஒரு டிரைவர் பஞ்சரான டயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டி, மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். அடியில் படுத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றி எண்ணெயை விரலில் தொட்டேன். கருகிய வாடை. விரலைத் தேய்த்தபோது வெள்ளித் தூள் மினுங்கியது. உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. இன்றைக்கோ அடுத்த வருஷமோ, ஏதோ ஒரு இறக்கத்தில் அந்தப் பெட்டி இறுகிப் பூட்டிக்கொண்டு சக்கரங்களைச் சுழல விடாமல் நிறுத்திவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

விரலைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திரும்ப மாட்டினேன்.

அண்ணனிடம் சொல்லியிருந்தால் இரண்டுமே வேண்டாம் என்றிருப்பார். சாம்பல் வண்டியும் கைநழுவிப் போயிருக்கும். என் மகளும் மனைவியும் இன்னொரு மழைக்காலம் சேற்றில் நடக்க வேண்டும். குடும்பஸ்தன் என்றால் தன் பெண்டு பிள்ளையை முதலில் பார்க்கத்தானே வேண்டும். இந்தக் காரணத்தை நான் எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நியாயமாகத்தான் தோன்றியது.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதைப் பங்கு போட்டாலும், பிரிக்கிறவன் மிச்சத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் அம்மா போட்ட சட்டம். எனக்குக் கை திருத்தம். அதனால் எப்போதும் நான்தான் பிரிப்பேன், அண்ணன்தான் முதலில் எடுப்பார். பழத்தை எவ்வளவு சமமாக வெட்டினாலும் அவர் பழத்தைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். என் கண் எதன் மேல் போகிறதோ அதை எடுத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் உள்ளே அழுகத் தொடங்கியிருந்த துண்டை ஏக்கமாகப் பார்த்தேன். அவர் அதையே எடுத்தார். வாயில் வைத்தார், துப்பாமல் தின்று முடித்தார். அன்றிலிருந்து எனக்கு வேண்டாததை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு குடும்பமும் அந்த நிறுவனத்தின் கொட்டகைக்குப் போனோம். அண்ணன் டயரை உதைத்தார். அவருடைய மகள், வாலு என்று நாங்கள் கூப்பிடும் பொடிசு, கூரைக் கண்ணாடி வழியாகத் தலையை நீட்ட முடியுமா என்று பார்த்தாள்.

அண்ணி சொன்னார்: "துணி சீட்டே போதுங்க. இவ பாதி வழியில வாந்தி எடுப்பா, தோல் சீட்டைப் பாழாக்கிடுவா. பின்னால இடமும் இருக்கு."

"எனக்கும் சாம்பல்தான் சரின்னு படுது," என்றார் அண்ணன். சாவியை வாங்கக் கையை நீட்டிவிட்டு, வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "நீ என்னடா சொல்ற?"

"முதல்ல எடுக்கிறது நீங்கதானேண்ணா. நீங்க எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க," என்றேன்.

சொல்லிக்கொண்டே வெள்ளை வண்டியின் மேல் கையை வைத்தேன். கூரையின் ஓரத்தை மெல்லத் தடவினேன். பிறகு ஏதோ மாட்டிக்கொண்டவன் போலக் கையை எடுத்துப் பையில் விட்டுக்கொண்டேன். பொய் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

அண்ணன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "வெள்ளையை எடுத்துக்கிறேன்," என்றார்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். நான் சாம்பல் வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டேன். வெற்றி பெற்றவனுக்கு வருகிற மாதிரி ஒரு சிரிப்பு வந்தது, அதை அடக்கப் படாத பாடு பட்டேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது, இது பெண்டு பிள்ளைக்காகச் செய்த காரியம் இல்லை என்று. அவருடைய பழைய சட்டையைப் போட்டு வளர்ந்தவன் நான். அவரைப் படிக்க வைத்தார்கள், என்னைப் பட்டறைக்கு அனுப்பினார்கள். அதற்காக அவர் ஒருநாளும் என்னை மட்டம் தட்டியதில்லை. அதுதான் கஷ்டம். ஒரு தரமாவது தட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

அவருடைய வண்டிக்கு நான்தான் எல்லாம் பார்த்தேன். முதல் வேலையாக நான்கு டயரையும் புதிதாக மாற்றினேன். இன்ஜின் எண்ணெய் மாற்றினேன், பிரேக் பார்த்தேன், கண்ணாடிகூடத் துடைத்துக் கொடுத்தேன். அந்தப் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. எங்கள் பட்டறையின் மூலையிலேயே, மோதி நொறுங்கிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய நல்ல பெட்டி ஒன்று கிடந்தது. அதே அளவு. மாட்டுவது ஒரு பகல் வேலை. அவருக்குத் தெரியாமலேகூட மாட்டியிருக்கலாம். தினமும் அதைத் தாண்டித்தான் கை கழுவப் போவேன். அண்ணன் வண்டியை எடுக்க வரும்போதெல்லாம், "உன் தயவுல நிம்மதியா ஓட்டுறேன்டா," என்பார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்திருக்கிறேன். சொன்னால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டு போனேன். குற்றவுணர்ச்சி இல்லாதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நான் சரியாகச் சாப்பிட்டே பல மாதம் ஆகிறது.

பள்ளி விடுமுறையில் இரண்டு வண்டியிலும் மலைமேல் ஏரிக்குப் போய்விட்டு வந்தோம். இறங்கும்போது வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அண்ணன் வண்டி எனக்குப் பின்னால் வந்து நின்றது. நிற்பதற்கு முன்பே அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது. அடியிலிருந்து ஒரு ஊளை.

அண்ணன் இறங்கி வந்தார். "டேய், ஒரு மாதிரி சத்தம் வருது. கொஞ்சம் பார்க்கிறியா?"

குனிந்து பார்த்தேன். பெட்டியின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து புகைந்துகொண்டிருந்தது. கையைக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல். அடுத்த வளைவா, அதற்கடுத்த வளைவா என்பதுதான் பாக்கி. அங்கேயே வண்டியை விட்டுவிட்டு எல்லோரும் என் வண்டியில் நெருக்கியடித்து வந்திருக்கலாம். நாளைக்கு ஒரு மெக்கானிக் திறந்து பார்ப்பான், இது பல மாதப் பழுது ஆச்சே, உங்கள் தம்பிக்குத் தெரியாதா என்று கேட்பான். குனிந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் இதையெல்லாம் யோசித்தேன்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன். "டயர் சத்தம்தான்ண்ணா. ரோடு அப்படி. மெதுவா ஓட்டிட்டு வாங்க."

அவர் தலையாட்டினார். பிறகு நான் வாலுவைக் கூப்பிட்டேன். "சித்தப்பா வண்டியில வர்றியா? அக்கா தனியா இருக்கா, பாரு."

குதித்துக்கொண்டு ஓடி வந்தாள். அண்ணியையும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அண்ணன் ஏன் என்று கேட்டிருப்பார்.

மூன்றாவது வளைவில் பெட்டி பூட்டிக்கொண்டது, வண்டி பள்ளத்தில் போய் விழுந்தது. அண்ணன் அங்கேயே போய்விட்டார். அண்ணிக்கு இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வு வரவில்லை. ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாலுவை நீங்க கூப்பிட்டீங்களே தம்பி, இல்லேன்னா..." என்று அழுதார். கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "அவருக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்? அன்னைக்கும் உங்க மூஞ்சியைத்தான் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போட்டேன். 'அவனுக்குத் தெரியும்டி, அவன் கண்ணு நல்லதுமேலதான் போகும், சின்ன வயசுலேர்ந்தே நான் அதைப் பார்த்துத்தான் எடுப்பேன்'ன்னு சொன்னார்."

இத்தனை வருஷமும் நான் அதைப் பேராசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் கண்ணின் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை.

காலையிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள்: தேநீர்க் கடையில் நான் தெரியாமல் சொன்னேனா, தெரிந்து சொன்னேனா என்று. தெரிந்துதான் சொன்னேன். வண்டியை எடுத்த நாளிலிருந்தே தெரியும். என் அண்ணனை நான்தான் அந்த வளைவுக்கு அனுப்பினேன். வேறு யாரும் இதில் சம்பந்தப்படவில்லை. ஆனால் ஒன்று, குழந்தையை நான் காப்பாற்றியிருக்கிறேன். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.