வேண்டாம் என்று வந்த சீட்டு

டெல்லியில் முனிர்கா போகும் பஸ்ஸில், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். மடியில் பைபிள், பேச்சில் திருநெல்வேலி.

"எங்க மாமியா ஊர்ல தனியா கிடக்காவ, இங்க கூட்டிட்டு வந்துரலாம்னு எங்க வீட்டுக்காரவிய ஒத்தக்கால்ல நின்னாவ. கர்த்தர் வேண்டாம்னுட்டாருக்கா" என்றாள் இளையவள்.

"எப்படிச் சொன்னாரு?" என்று மூத்தவள் கேட்டாள்.

"ரெண்டு சீட்டு எழுதி பைபிளுக்குள்ள வச்சேன். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டு அவியளே கண்ண மூடி ஒண்ணை எடுத்தாவ. 'வேண்டாம்'னு வந்துது. அழுதுட்டாவ, பாவம்."

"மத்தச் சீட்டு வந்திருந்தா என்ன செய்வ?"

"அதுலயும் அதத்தானக்கா எழுதியிருந்தேன். கர்த்தரைப் பரீட்சை பாக்கக் கூடாதுல்லா."

கண்டக்டர் 'ஜல்தி, ஜல்தி' என்று படியில் நின்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். மூத்தவள் இளையவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மிச்சச் சீட்டைக் கிழிச்சுட்டியா, வச்சிருக்கியா? என் கொழுந்தன் வேலை தேடி அடுத்த மாசம் எங்க வீட்டுக்கு வாறானாம்."