நீல வண்டியும் தகரப் பெட்டியும்

– இந்தச் சிவப்பு வண்டி வேண்டவே வேண்டாம் பாப்பா. வேகம் இருபத்தஞ்சுக்கு மேல போகாதுங்கிற. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு சைக்கிள்ல வர்றவனே என்னை முந்திக்கிட்டுப் போவான். போறவன் சும்மா போவானா, ‘என்ன வீரமலை, பின்னாடியிருந்து தள்ளி விடவா’ன்னு கேட்டுட்டுப் போவான்.

– லைசென்ஸ் வேண்டாம் சார், பதிவு வேண்டாம். எங்ககிட்ட இருக்கிற பேட்டரி வண்டியிலயே விலை கம்மி இதுதான். அதனாலதான் முதல்ல காட்டினேன்.

– லைசென்ஸ்தான் இவர் பர்ஸ்ல கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இருக்கும்மா. ஆமா, உன் சட்டையில இர்பானான்னு போட்டிருக்கே, அதுதான் உன் பேரா? நல்லா இருக்கு. இர்பானா, இதுல நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்தா காவேரிப் பாலம் ஏறுமா? புரட்டாசி சனிக்கிழமைன்னா ஸ்ரீரங்கம் போயே ஆகணும் எனக்கு.

– உண்மையைச் சொல்லிடவாம்மா? ஏறும். நீங்க மட்டும் இறங்கி நடந்து வந்தீங்கன்னா இன்னும் கொஞ்சம் சீக்கிரம் ஏறும்.

– கேட்டியா பானு, பொண்ணு பொய் சொல்லலை. இவகிட்டயே வாங்கலாம். அடுத்ததைக் காட்டு பாப்பா.

– இந்த வெள்ளை, சார். பெரிய ஸ்கிரீன், பாட்டு கேட்கலாம், வழி காட்டும், சீட்டுக்குக் கீழ ரெண்டு ஹெல்மெட் வைக்கலாம். ஒரு தடவை சார்ஜ் போட்டா நூத்தி இருபது கிலோமீட்டர்.

– வழி எதுக்குக் காட்டணும்? குவார்ட்டர்ஸ்ல இருந்து ஒர்க்‌ஷாப்பு. ஒர்க்‌ஷாப்புல இருந்து குவார்ட்டர்ஸ். கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேருவேன். பேட்டரியைக் கழட்டலாமா?

– இதுல கழட்ட முடியாது சார். வண்டியோடதான் சார்ஜ் போடணும். கீழ ப்ளக் இருக்கா?

– நாங்க மாடியிலம்மா. கீழ ப்ளக்கெல்லாம் கிடையாது. ஜன்னல் வழியா ஒயரை விட்டா, பக்கத்து வீட்டு வீரம்மாள் அதுல துணி காயப் போட்டுருவா.

– அப்ப நீங்க பார்க்க வேண்டியது இந்த நீலம்தான் சார். பேட்டரி கையோட வந்துரும். மாடிக்கு எடுத்துட்டுப் போய் செல்போன் மாதிரி சார்ஜ் போடலாம். ஸ்கிரீன் சின்னது, பாட்டு கிடையாது. வெள்ளையை விட விலையும் நல்லாக் குறையும். நாளைக்கு ஆயுத பூஜைன்றதால அதுலயும் கொஞ்சம் குறைச்சுத் தர்றாங்க.

– எங்க, கையில குடு பார்ப்போம். ம். கனமாத்தான் இருக்கு. பரவாயில்லை, தூக்கிருவேன்.

– யாரு, நீங்களா? தேங்காய் மூட்டையைத் தூக்கினதுக்கே மூணு நாள் இடுப்புல தைலம் தேய்ச்சது யாரு?

– அது தேங்காய் பானு. இது மிஷினு. மிஷின்னா எனக்குக் கனம் தெரியாது பார்த்துக்க.

– சரி, தூக்குங்க, நான் கதவைத் திறந்து விடறேன். இர்பானா, இது வையம்பட்டிக்குப் போய்த் திரும்புமா? என் தம்பி இளவரசன் அங்கதான் இருக்கான்.

– கம்பெனிக்காரங்க நூறுன்னு போட்டிருப்பாங்கம்மா. ரெண்டு பேரு உட்கார்ந்து, பாலம் ஏறி இறங்கின்னு பார்த்தா எழுபத்தஞ்சுதான் வரும். வையம்பட்டிக்குப் போகலாம். போன கையோட திரும்ப முடியாது. அங்க நாலு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுத்தான் வரணும்.

– நாலு மணி நேரம் இளவரசன் வீட்டுலயா?

– ஆமாங்க. இத்தனை நாளும் போன கால் ஆறலை, ‘கிளம்பு கிளம்பு’ம்பீங்களே. இனிமே பேட்டரி ரொம்புற வரைக்கும் உட்கார்ந்துதான் ஆகணும். எனக்கு நீலமே பிடிச்சிருக்கு இர்பானா.

– பாப்பா, இதைவிடச் சீக்கிரம் சார்ஜ் ஏறுறது ஒண்ணு இருக்கான்னு பாரேன்.

– அவரு கிடக்கிறாரு. ஓட்டிப் பார்க்கலாமா இதை?

– தாராளமா. சாஸ்திரி ரோட்டுல போய், தென்னூர் மேம்பாலம் ஏறி இறங்கிட்டு வாங்க. ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டுக்கங்க.

– வாங்க சார், போயிட்டு வந்துட்டீங்களா? எப்படி இருக்கு? பாலம் ஏறுச்சா?

– அட, ஏறுனது தெரியலையே. நான் பழக்கதோஷத்துல மிதிச்சு ஏத்தப் பெடலைத் தேடுறேன், அதுக்குள்ள உச்சிக்குப் போயிருச்சு. பிரேக்கு கொஞ்சம் சுருக்குனு பிடிக்குது. அதை நான் சரி பண்ணிக்குவேன். நீ என்ன பானு சொல்ற?

– நல்லாத்தான் இருக்கு.

– அவ்வளவுதானா?

– நல்லா இருக்குன்னா நல்லா இருக்குன்னுதான் சொல்லணும். வேற என்ன சொல்றது.

– சரி, நான் தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன் பாப்பா.

– இப்பத்தானே போனோம். மறுபடி எதுக்கு?

– அது ரெண்டு பேரு பாரம். டூட்டிக்குத் தனியாத்தானே போகணும், அது எப்படி இருக்குன்னு பார்க்க வேண்டாமா?

– பார்க்கிறதுக்கு மஞ்சப் பை எதுக்கு? அதுக்குள்ள ஸ்பேனர் இருக்கு, நான் பார்த்தேன். வண்டி வாங்க வர்ற ஆளு ஸ்பேனர் எடுத்துட்டு வந்ததை எங்கயாவது கேட்டிருக்கியா இர்பானா?

– பழக்கம் பானு. பல்லு விளக்குற மாதிரி. இதோ வந்துட்டேன்.

– சார் போயிட்டாரு. உட்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா? ஒண்ணு கேட்கவா? பாலம் ஏறி இறங்கி வந்ததுல இருந்து உங்க முகமே சரியில்லை. வண்டி பிடிக்கலையா?

– பிடிச்சிருக்கும்மா. அதுதான் சங்கடம். சத்தமே இல்லையே.

– அதுக்காகத்தானேம்மா எல்லாரும் வாங்குறாங்க.

– உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?

– இன்ஷா அல்லா, நோன்புப் பெருநாள் கழிச்சு. மாப்பிள்ளை பாலக்கரைதான்.

– அப்ப உன்கிட்ட சொல்லலாம். எங்க பழைய மொபெட்டுல பின்னாடி ஒரு தகரப் பெட்டி இருந்துச்சு. இவரே அடிச்சு மாட்டினது. டிபன் டப்பா, ரெயின்கோட்டு எல்லாம் அதுலதான் போகும். அதோட மூடி ஒரு நாளும் ஒழுங்கா நின்னதில்லை. எங்க குவார்ட்டர்ஸ் லைன் முனையில ஒரு வேகத்தடை. அதுல ஏறி இறங்கும்போது ‘டடாங், டாங்’னு ஒரு சத்தம் போடும் பாரு, தூங்குற பிள்ளையெல்லாம் எழுந்துக்கும்.

– மூடியை முடுக்கிட்டா சரியாப் போயிரும்லம்மா?

– அதைத்தான் நானும் கேட்டேன். ‘ரயில் பெட்டிக்கே போல்ட் முடுக்குற ஆளு, சொந்த வண்டியில ஒரு போல்ட்டை முடுக்கத் துப்பில்லையா’ன்னு. வீரம்மாள் வந்து சண்டையே போட்டிருக்கா. ‘நாளைக்குப் பார்க்கிறேன்’பாரு. அந்த நாளைக்கு வரவே இல்லை.

– இப்பத்தான் அந்தத் தொல்லை விட்டுச்சே.

– விட்டுச்சு. காலையில இங்க வர்ற வழியில தென்னூர்ல ஆண்டின்னு ஒரு மெக்கானிக் கடையில மொபெட்டை விலைக்குக் குடுத்துட்டு வந்தோம். ‘பெட்டியைக் கழட்டணுமாம்மா’ன்னு அவர் கேட்டாரு. ‘அதுவும் சேர்ந்தே தொலையட்டும்’னு நான்தான் வாயாரச் சொன்னேன். சொல்லிட்டு இப்ப உன் முன்னாடி உட்கார்ந்திருக்கேன்.

– எனக்குப் புரியலைம்மா.

– அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் தோசைக்கல்லை அடுப்புல வைப்பேன். அவரு வண்டியை நிறுத்தி, மாடி ஏறி, கை கழுவி உட்காரவும் முதல் தோசை தட்டுல விழவும் சரியா இருக்கும். ‘எப்படி பானு எப்பவும் சூடாவே இருக்கு’ன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்கிறாரு. நான் சொன்னதில்லை.

– அட.

– தோசைகூடப் போகட்டும். போன ஐப்பசியில நல்ல மழை. லைன்ல எல்லாரும் டூட்டி முடிஞ்சு வந்துட்டாங்க. சத்தம் வரலை. போன் போட்டா எடுக்கலை. குடையை எடுத்துக்கிட்டு அவரு வர்ற வழியில ஜி கார்னர் வரைக்கும் ஓடினேன். வழுக்கி விழுந்து, காலை ஊன முடியாம ஓரமா உட்கார்ந்திருந்தாரு. ஒண்ணும் பெருசா ஆகலை, மாவுக்கட்டு போட்டு சரியாயிருச்சு. ஆனா அன்னையில இருந்து அந்த மூடிச் சத்தம் காதுல விழுற வரைக்கும் எனக்கு உசுரு கையில இருக்காது. இந்த வண்டி வாசல்ல வந்து நின்னாலும் தெரியாதே. நான் எதை வச்சும்மா மூச்சு விடுறது?

– சார்கிட்ட சொல்லிடுங்களேன்.

– எப்படிச் சொல்றது? இத்தனை வருஷம் திட்டிட்டு, இப்பப் போய் ‘உங்க டடாங் டாங் எனக்கு வேணும்’னு சொன்னா, மனுஷன் தரையில நடப்பாரா?

– அப்ப ஒண்ணு செய்யலாம்மா. இந்த வண்டிக்கு ஒரு ஆப் இருக்கு. வண்டி எங்க போகுது, எங்க நிக்குதுன்னு உங்க போன்லயே தெரியும். இப்பக்கூடப் பார்க்கலாம், இந்தாங்க. இந்தப் புள்ளிதான் சார்.

– ஒரு கையில கரண்டி, ஒரு கையில போனு, புள்ளியைப் பார்த்துக்கிட்டே தோசை ஊத்தணுமாக்கும். சரி, எங்க இருக்காரு?

– தென்னூர்ல. மேம்பாலத்துக்குப் பக்கத்துல நிக்குதும்மா. நகரலை.

– நகரலையா? ஐயோ, விழுந்து வச்சுட்டாரா?

– இல்லம்மா, விழுந்தா வண்டி சாஞ்சிருச்சுன்னு இதுலயே காட்டும். சும்மா நிறுத்தி வச்சிருக்காரு. புள்ளி சில நேரம் அஞ்சு நிமிஷம் பிந்தித்தான் நகரும்.

– தென்னூர்ல மேம்பாலம் பக்கத்துலன்னா… இரு இரு. அங்க ஒரு பஜ்ஜிக் கடை இருக்கு. காலையில அதைத் தாண்டும்போதே தலை அந்தப் பக்கம் திரும்புச்சு, நான் கவனிச்சேன். சுகர் எகிறிக் கிடக்கு, டாக்டர் எண்ணெய்ப் பலகாரமே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. ‘தனியா ஓட்டிப் பார்க்கணும்’னு ஏன் சொன்னாருன்னு இப்பத்தானே புரியுது. வாழைக்காய் பஜ்ஜி நாலு தின்னுட்டு, மஞ்சப் பையில வாயைத் துடைச்சுக்கிட்டு வருவாரு பாரு.

– ஆறுன்னு போட்டுக்க பானு. நாலு போதாது.

– ஆத்தாடி. எப்ப வந்தீங்க?

– நீ பஜ்ஜிக் கேஸ் போட ஆரம்பிச்சப்பவே வந்து நிக்கிறேன். உனக்குத்தான் தெரியலை.

– பார்த்தியா இர்பானா, நான் என்ன சொன்னேன்? முதுகுக்குப் பின்னாடி வந்து நிக்கிறது தெரியலை. எங்க, வாயை ஊதுங்க.

– கடையில வச்சு என்ன பானு.

– ஊதுங்க. ம். பஜ்ஜி வாசனை இல்லை. கையைக் காட்டுங்க. இது என்ன கிரீஸு? புது வண்டியைக் கழட்டிட்டீங்களா?

– ஐயோ சார், டெஸ்ட் ரைடு வண்டி சார் அது.

– உன் வண்டியைத் தொடலை பாப்பா. ஆண்டி கடைக்குப் போயிருந்தேன்.

– காலையிலதானே வண்டியைக் குடுத்தோம். மறுபடி பார்த்து அழுதுட்டு வரவா போனீங்க?

– அழலை. ஒண்ணை விட்டுட்டு வந்துட்டேன். எடுத்துட்டு வந்தேன்.

– பையில என்ன இவ்வளவு பெருசா? காட்டுங்க. அடப் பாவி மனுஷா, பெட்டியா?

– பெட்டிதான்.

– வேண்டாம்னு நான் சொல்லிட்டு வந்த பெட்டி.

– நீ சொன்னே. நான் தலையாட்டினேனா? நினைச்சுப் பாரு.

– இதுவாம்மா அந்தப் பெட்டி? மாஷா அல்லா, கெட்டியாத்தான் அடிச்சிருக்கீங்க சார்.

– நீ சும்மா இரு இர்பானா, அவரை ஏத்தி விடாத. என்னங்க, புது வண்டியில இந்தத் தகரத்தையா மாட்டுவாங்க? பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க? சீட்டுக்குக் கீழயே இடம் இருக்கே.

– சிரிச்சா சிரிக்கட்டும். நீலத்துக்கு நீல பெயிண்ட் அடிச்சிடறேன். பாப்பா, இந்த நீல வண்டிதான், முடிவு பண்ணியாச்சு. நாளைக்குக் காலையில ஒர்க்‌ஷாப்புல பூஜைக்கு நிறுத்தணும், எலுமிச்சம்பழமெல்லாம் வாங்கியாச்சு. இந்தப் பெட்டியை மட்டும் பின்னாடி கேரியர்ல மாட்டிக் குடுத்துரு.

– மாட்டிடலாம் சார். எங்க மெக்கானிக் ஸ்டீபன்ராஜ் அண்ணன் உள்ளதான் இருக்காரு. மூடி ஆடுதே, அதையும் சேர்த்து நல்லா முடுக்கித் தரச் சொல்றேன். ஒரு சின்னச் சத்தம்கூட வராது. ஐயோ, இல்லம்மா, நான் அந்த அர்த்தத்துல சொல்லலை…

– நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் இர்பானா. முடுக்கினா முடுக்கட்டும். இத்தனை வருஷம் இவரால முடியாததை ஸ்டீபன்ராஜாவது செய்யட்டும்.

– பாப்பா, ஸ்டீபன்ராஜைக் கீழ இருக்கிற நாலு போல்ட்டை எவ்வளவு வேணும்னாலும் முடுக்கச் சொல்லு. மூடியில இருக்கிறதைத் தொடக்கூடாதுன்னு சொல்லிடு. அது தானா ஆடுறது இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை ஸ்பேனரைப் போட்டு, அளவு பார்த்து, நான்தான் லூசு பண்ணி வைக்கிறேன். வேகத்தடையில ஏறும்போது இவளுக்கு அடுப்பங்கரை வரைக்கும் கேட்கணும்ல.