ஒத்துப்போனால் இரண்டு புள்ளி

எங்கள் ஊரில் கூட்டம் போட்டால், சுண்டல் கொடுத்தாலும் பத்துப் பேர் வர மாட்டார்கள். அதனால்தான் அந்தச் செயலியைச் செய்தேன். ஆற்றை அசுத்தம் செய்கிறவர்களைப் படம் பிடித்துப் போடலாம். குற்றமா இல்லையா என்று ஊர் ஓட்டுப் போடும். ஓட்டுக்கு ஒரு புள்ளி. பெரும்பான்மையோடு ஒத்துப்போனால் இரண்டு. புள்ளி சேர்ந்தால், ஆற்றின் பழைய பெயரில், 'பொருநைக் காவலர்' பட்டம்.

முதலில் சாக்கடைப் படங்களாக வந்தன. யாரும் சீண்டவில்லை. முகம் இருந்தால்தான் ஓட்டு விழும் என்று புரிந்தது.

உலகம்மாள் சீவலப்பேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். பரிகாரத்துக்குக் குளிப்பவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போவது வழக்கம். இடுப்பளவு நீரில் நின்று அதை இழுத்தெடுத்து, உலர்த்தி, ஒர்க்‌ஷாப்புகளுக்குத் துடைக்கும் துணியாக விற்பாள். ஈரத்துணி மூட்டையோடு அவள் நீரில் குனிந்து நிற்கும் படம் ஒன்று செயலியில் வந்தது. போடுகிறாளா, எடுக்கிறாளா என்று தெரியாது. மக்கள் அதை யோசிக்கவில்லை. மற்றவர்கள் எதை அழுத்துவார்கள் என்று யோசித்தார்கள். மத்தியானத்துக்குள் ஊரே 'குற்றம்' என்றது.

பட்டம் வாங்கியவர்கள் படித்துறைக்குப் போனார்கள். நானும் போனேன்.

"ஏலே, ஆத்த நாறடிக்கவ இவதாம்லே" என்றான் செல்போன் கடை இசக்கிமுருகன்.

"நான் எங்கலே போட்டேன்? எடுக்கேன்."

"ஊரே ஆமாங்கு, நீ ஒருத்தி இல்லங்குத. ஒனக்கு எத்தன பாயின்ட்டு ஆச்சி?"

சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"தம்பி, நீங்க தெனம் பாக்கியள்லா. சொல்லுங்க."

நான் சொன்னால் அது தனி ஒருவன் கருத்தாகிவிடும். செயலியைத் திறந்து ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்தேன்.

மூட்டையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். அவள் அதன் பின்னால் இறங்கினாள். அணை திறந்திருந்த சமயம், இழுப்பு அதிகம். யாரும் இறங்கவில்லை. நிறையப் பேர் படம் எடுத்தார்கள். சாயங்காலம் அவள் உடலைக் கீழ்த்துறையில் கரையேற்றினார்கள். செயலியில் அவ்வளவு பேர் அதற்கு முன் ஒரே நாளில் வந்ததில்லை.

மூட்டையோடு அவள் நின்ற அந்தப் படத்தை யார் எடுத்தது என்று கேட்டீர்கள். எடுத்தது நான். ஏற்றியதும் நான். அவள் துணியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் ஓட்டுப் போடவில்லை. உருவாக்கியவன் நடுநிலையோடு இருக்க வேண்டும்.