சொன்ன 'இல்லை'யைத் திரும்பப் பெற மாட்டேன்

தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! அவர் காதில் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கும் செயலாளர் அவர்களே! எங்கள் ஆட்டச் சட்டையின் முதுகில் தம் கடையின் பெயரைப் பொறித்து, அந்தப் பெயர் சேற்றில் புரண்டபோதும் முகம் சுளிக்காத புரவலர் பெருமகனாரே! பெற்ற பிள்ளை பல் உடைந்து வீடு திரும்பினாலும் "ஜெயிச்சீங்களாடி?" என்று முதலில் கேட்கும் தாய்மார்களே! ஜெயித்தோமா என்று கேட்காமல் பல்லைத் தேடும் தந்தைமார்களே! தோள் தந்த தோழியரே, தோற்றாலும் துவளாத தோழியரே! உங்கள் அனைவருக்கும் இந்த டயர்க் கடைக்காரியின் தலை தாழ்ந்த வணக்கம். இந்த வணக்கத்துக்கு மட்டும்தான் இன்று என் தலை தாழும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கைதட்டாதீர்கள். பின்னால் விசில் அடிக்கும் தம்பி, கொஞ்சம் பொறு. நான் பேசி முடித்த பிறகு நீ அடிக்கப்போவது விசிலா, என்னையா என்று பார்ப்போம்.

இந்த மேடையின் படியில் நான் கால் வைத்தபோது செயலாளர் என்னை ஓரமாக அழைத்தார். அன்பாகத்தான் பேசினார். "அக்கா, ரெண்டே வார்த்தை. இறுதிப் போட்டியில தோத்தது என் தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு உட்காருங்க. பயிற்சியாளர் பதவி உங்களுக்குத்தான். இல்லேன்னா கமிட்டி வேற ஆளைப் பார்த்துக்கும்." நன்றி, செயலாளர் அவர்களே. இரண்டு வார்த்தையில் முடிக்கச் சொன்னீர்கள். மைக்கை என் கையில் கொடுத்தது யார் குற்றம்?

சாப்பாட்டுக்காக மட்டும் வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு முதலில் ஒன்றை விளக்கிவிடுகிறேன். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. அணிக்கு எட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து, எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டி நிற்பார்கள். முன்வரிசையில் மூன்று பேர். அந்த மூன்று தலைகளும் எதிரில் இருக்கும் மூன்று தலைகளின் இடைவெளியில் நுழைந்து பூட்டிக்கொள்ளும். பின்னால் இருப்பவர்களின் பாரமெல்லாம் அந்தக் கழுத்துகளில்தான் இறங்கும். பழகியவளுக்கு அது ஆட்டம். பழகாதவளுக்கு அது ஆபத்து.

ஆகவே முன்வரிசைக்காரி ஒருத்தி அடிபட்டு வெளியேறினால், நடுவர் ஓடிவந்து பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "உள்ளே வர்ற பொண்ணு முன்வரிசைக்குப் பழகினவளா?" ஆம் என்றால் ஆட்டம் அப்படியே தொடரும். இல்லை என்றால் அதன்பிறகு ஸ்க்ரமில் யாரும் யாரையும் தள்ளக் கூடாது. அதோடு, எங்கள் போட்டியின் விதிப்படி, அந்த அணி ஓராள் குறைவாக ஆட வேண்டும். ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்று இத்தனை நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

நான் இந்த ஆட்டத்துக்கு வந்த கதை சின்னது. லாரி டயர் ஒன்றைத் தனியாளாக நிமிர்த்தி உருட்டிக்கொண்டிருந்தேன். பஞ்சர் ஒட்ட வந்த இந்த மன்றத்தின் அந்தக் காலப் பயிற்சியாளர் அம்மா, தன் வண்டியை மறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டயரைத் தள்ளுற மாதிரி ஆளைத் தள்ளுவியா?"

"சம்பளம் உண்டா?"

"காலணா கிடையாது."

"சரி, யாரைத் தள்ளணும்னு சொல்லுங்க."

அன்று குனிந்தவள்தான் நான். குனிந்தேன், ஆனால் பணியவில்லை. "கதவு" என்று பட்டம் கொடுத்தார்கள்; சாத்தினால் திறக்காதாம்! ஆடி ஆடி என் இரண்டு காதுகளும் கசக்கி எறிந்த காகிதம்போல ஆயின. என் அம்மா கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் காதுல ஓட்டையை எங்கடி தேடுறது?" என்று அழுதாள். சிரியுங்கள், சிரியுங்கள். அழுது முடித்து அவளும் சிரித்துவிட்டாள்.

இனி நான் சொல்லப்போவதற்குச் சிரிக்க முடியாது.

ஒரு போட்டியில் எதிரணியின் முன்வரிசைக்காரி கணுக்கால் பிசகி வெளியே போனாள். அவள் இடத்தில் ஒரு தபால்காரப் பெண்ணை இறக்கினார்கள். சைக்கிளில் வீடு வீடாகப் போகிறவள், மானாய் ஓடுவாள், ஆனால் முன்வரிசையில் ஒருநாளும் நின்றதில்லை. நடுவர் கேட்டார். அவர்கள் பயிற்சியாளர், "பழகினவதான், பழகினவதான்" என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். குனிந்தோம். அவள் முகமும் என் முகமும் ஒரு முழத் தூரத்தில். எனக்கு மட்டும் கேட்கும்படி அவள் கேட்டாள்:

"அக்கா, தலையை எந்தப் பக்கம் வைக்கணும்?"

எதிரணிக்காரியிடம் கேட்கிறாள்! தன் பயிற்சியாளரிடம் கேட்க முடியாததை, தன்னைத் தள்ளப்போகிறவளிடம் கேட்கிறாள்! நான் வாய் திறப்பதற்குள் "மோது" என்று நடுவரின் குரல் வந்துவிட்டது. பதினாறு பேரின் பாரமும் இறங்கியது. அவள் கழுத்தில் எழுந்த அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். நீங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று என்னிடம் கோப்பை எங்கே என்று கேட்க மாட்டீர்கள்.

அவர்கள் அணி அன்று வென்றது. அவர்கள் தங்கள் பயிற்சியாளரைத் தோளில் தூக்கி ஆடினார்கள். தபால்காரியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். இன்று அவள் தபால் நிலையத்தில் ஒரு கையால் முத்திரை குத்துகிறாள். இன்னொரு கை டீ டம்ளரைக்கூடப் பிடிக்காது. சைக்கிளை விற்றுவிட்டாள். இந்த விழாவுக்கு வாடி என்று அழைத்தேன். "போக்கா, அந்தக் கூட்டத்துல எனக்கென்ன வேலை" என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பருவத்தோடு நான் ஆட்டத்தை விட்டேன். ஆனால் மைதானத்தை விடவில்லை. பதினைந்து பேர் சேராமல் இந்த மன்றம் படுத்துக் கிடந்தபோது, பயிற்சியாளராக வா என்று என் கடைக்கு வந்து நின்றது யார்? தலைவர் அவர்களே, நீங்கள்தான். பேருந்து நடத்துநரை, நர்ஸை, கொத்தனார் மகளை, பேக்கரிக்காரியைச் சேர்த்து ஓர் அணி அமைத்து, இறுதிப் போட்டி வரை கொண்டுவந்து நிறுத்தினேன். அதுவரை நான் சொன்னதெல்லாம் உங்களுக்குச் சரியாகத்தான் இருந்தது.

அந்த இறுதிப் போட்டியில் நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். முன்வரிசையில் ஒருத்திக்கு விலா போயிற்று. மாற்று ஆளை இறக்கினேன். அடுத்து அதே முன்வரிசையில் நின்ற நர்ஸுக்குத் தோள் இறங்கியது. வெளியே மிச்சமிருந்தது பேக்கரிக்காரி ஒருத்திதான். மாவு மூட்டையை ஒற்றைத் தோளில் சுமப்பவள். பலமா? உண்டு. துணிவா? ஊருக்கே பங்கு போடலாம். பழக்கமா? கிடையாது. "அக்கா, ஆமான்னு சொல்லுங்கக்கா! நான் தாங்கிக்குவேன்க்கா!" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நடுவர் கேட்டார். நான் இல்லை என்றேன்.

தோற்றோம். ஓராள் குறைவாக ஆடி, கடைசியில் அவர்கள் ஐந்து புள்ளி எடுக்க, ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். மைதானத்துக்கு வெளியே பேக்கரிக்காரியின் அப்பா என் முகத்துக்கு நேராக, "கைக்கு வந்த கோப்பையைக் கொட்டிட்டியேம்மா!" என்றார். இதோ முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்தக் கோப்பைமேல் ஆசை இருந்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எனக்கு வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை!

மன்னிப்புக் கேள் என்கிறீர்கள். எதற்குக் கேட்பேன்? இந்தப் பெண் இன்று காலை எழுந்து, தன் காலால் நடந்து, தன் கையால் ரொட்டி சுட்டதற்கா? தலையை எங்கே வைப்பது என்று தெரியாத ஒருத்தியின் கழுத்தை, கோப்பை வைக்கும் உங்கள் கண்ணாடி அலமாரிக்காக நான் பணயம் வைக்காததற்கா? கேட்க மாட்டேன்! பதவி போனாலும் கேட்க மாட்டேன்! இன்னொரு இறுதிப் போட்டி வந்தாலும், இன்னொரு நடுவர் வந்தாலும், அந்தக் கேள்விக்கு என் வாயிலிருந்து உண்மைதான் வரும்!

இருங்கள், இன்னும் முடியவில்லை. மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் பேக்கரிக்காரி. அந்த நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். அம்மாடி, எழுந்திரு. கோபம் இருக்கட்டும், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல். அன்றைக்கு உன்னை நான் உள்ளே விட்டிருந்தால், தலையை எந்தப் பக்கம் வைத்திருப்பாய்?

என்ன? எனக்குக் கேட்கவில்லை. தம்பி, அந்த மைக்கை அவளிடம் கொடு. அழாதே. அழுதுகொண்டாவது சொல்.

"தெரியாதுக்கா."

கேட்டீர்களா, தலைவர் அவர்களே? கேட்டீர்களா, ஐயா? அன்று அவளால் சொல்ல முடியாத அந்த உண்மையைத்தான் 'இல்லை' என்று அவளுக்காக நான் சொன்னேன். அதைத் திரும்பப் பெற மாட்டேன்.

பதவி உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளை மாலை முன்வரிசைப் பயிற்சி உண்டு. மைதானத்தைப் பூட்டினால் என் டயர்க் கடை வாசலில் நடக்கும். அங்கே கமிட்டி கிடையாது. பேக்கரிக்காரியே, நேரத்துக்கு வந்து சேர். தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் முதல் பாடம்.

இவ்வளவு நேரம் பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கெல்லாம், கசங்கிய காதுகளுக்கும் கம்மல் போட்ட காதுகளுக்கும், என் நன்றி. வணக்கம்!